கட்டிலுக்குக் கீழே மூச்சுவிடுபவள்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் அங்கே கூட்டமாக இறங்குவார்கள். பெயருக்கு என்ன பொருள் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆனால் படப்பையிலோ மணிமங்கலத்திலோ ஒரு வீட்டில் "சானடோரியத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க" என்று சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

அந்த மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்குத் திறந்தவெளிச் சிகிச்சை அளித்துவந்தவர். கணிதமேதை ராமானுஜனும் 1917இல் சிறிது காலம் அவரிடம் அங்கே இருந்தார். தாம்பரத்து மருத்துவமனையை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் சிகிச்சை. அந்தக் காற்று நோயைத் தீர்த்ததா என்றால், மருந்துக்கு ஈடாக இல்லை. ஆனால் யாரும் திட்டமிடாத வேறொரு காரியத்தை அது செய்தது. நோயாளியின் பக்கத்தில் இருந்தவர்களைக் காத்தது.

எப்படி என்பது பின்னால்தான் உறுதியானது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியும் அவருடைய குழுவினரும் காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியே மேலே கொண்டுபோய், கூண்டிலிருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். நோயாளியைத் தொடாத, எச்சில் படாத விலங்குகளுக்கு நோய் வந்தது. தொற்றுவதற்குக் காற்று மட்டுமே போதும். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து 2007இல் வெளியான ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஜன்னல், கதவுகளை முழுக்கத் திறந்தால் அறைக் காற்று மணிக்குச் சுமார் 28 முறை மாறியது. செலவு செய்து இயந்திரம் பொருத்திய தனிமை அறைகளில் 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றைவிட நன்றாகவே மூச்சுவிட்டன.

இங்கிருந்து ராமானுஜன் கதைக்கே திரும்புகிறேன், அவருக்காக அல்ல. ஊர் திரும்பிய அவர் 1920 ஏப்ரலில் சேத்துப்பட்டில் இறந்தார். காசநோய் என்றே அன்று நம்பினார்கள். பிற்கால மருத்துவர்கள் சிலர் அது வேறு நோய் என்கிறார்கள். கடைசிவரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் மனைவி ஜானகி. அப்போது அவருக்கு இருபது வயதுக்குச் சற்று மேல். அந்த மூச்சுக்காற்று தன்னை என்ன செய்யும் என்று அந்தப் பெண்ணிடம் யாரேனும் சொல்லியிருப்பார்களா? ஜானகி 1994 வரை வாழ்ந்தார், திருவல்லிக்கேணியில் தையல் தைத்துப் பிழைத்தார். உயிர் தப்பியதால் அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

அதே சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது: வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலன் தருகிறது, வீட்டில் உடனிருப்பவர்களுக்குக் கூடுதல் தொற்றும் ஏற்படவில்லை. உலகமே காசநோய்ச் சிகிச்சையை மாற்றிக்கொண்டது. ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வார்டு வீட்டுக்குள் வந்தபோது வார்டின் வேலையும் கூடவே வந்தது. வேளைக்கு மருந்து கொடுப்பது, கஞ்சி வைப்பது, எச்சில் பாத்திரம் கழுவுவது. இந்த வேலை யார் பெயரில் எழுதப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆய்வு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. சரியான மருந்து தொடங்கிய பிறகு நோயாளியால் பரவும் ஆபத்து வேகமாகக் குறைகிறது. ஆக, பெரிய ஆபத்து கண்டுபிடிக்கப்படாத இருமலில் இருக்கிறது: புறநோயாளிகள் வரிசையில், சீட்டு வாங்கும் இடத்தில், சாதாரணக் காய்ச்சல் என்று சேர்த்துக்கொண்ட பொது வார்டில். அங்கெல்லாம் யார் நாள்கணக்கில் இருக்கிறார்கள்? செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், ஆயாக்கள். பிறகு 'அட்டெண்டர்' என்று பாஸ் கொடுக்கப்பட்ட அம்மா, மருமகள், அக்கா. பெரும்பாலும் பெண்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பொது வார்டுக்கு ஓர் அளவு உண்டு: ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் புதுக் காற்று. காற்றால் பரவும் நோய் உள்ள அறைக்கு 160. நல்ல அளவுதான். ஆனால் அலகைக் கவனியுங்கள், 'ஒரு நோயாளிக்கு'. நம் ஊர் வார்டில் கட்டிலுக்கு ஒருவர் மட்டும் மூச்சுவிடுவதில்லை. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து ஒருத்தி படுத்திருக்கிறாள். காற்றுக் கணக்கில் அவள் இல்லை.

இதைத்தான் அறக்கேள்வியாகப் பார்க்கிறேன். ஒருவர் மூச்சு இன்னொருவருக்கு ஆபத்தாகும் இடத்தில், அந்த ஆபத்தை யார் தலையில் வைப்பது என்று தீர்மானிப்பவர் யார்? பராமரிப்பில் ஆபத்து இருக்கத்தானே செய்யும், அன்பு என்றால் அதுதானே என்பார்கள். இருக்கும். ஆனால் ஒரு ஜன்னலைத் திறந்தால் போய்விடக்கூடிய ஆபத்து அன்பின் பகுதி அல்ல, கட்டடத்தின் கோளாறு. அவள் மகனைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள். அடைத்த அறைக்குச் சம்மதிக்கவில்லை; கேட்கப்படவே இல்லை.

2020 மார்ச் 28 அன்று கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில் அடித்துச் சொன்னது. காற்று ஆய்வாளர் லிடியா மொராவ்ஸ்கா உள்ளிட்ட 239 அறிவியலாளர்கள் அந்த ஜூலையில் அதை மறுத்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் தெளிவாக ஒப்புக்கொள்ள 2021 ஆனது. இடைப்பட்ட காலத்தில் அதன் வழிகாட்டுதல்படி சாதாரணக் கவனிப்புக்கு அறுவை முகக்கவசம் போதும், குழாய் செருகுவது போன்ற செயல்முறைகளுக்குத்தான் என்95. கணக்கு எளிது: சில நிமிடச் செயல்முறை ஆபத்து, எட்டு மணி நேரக் கவனிப்பு ஆபத்தில்லை. முகக்கவசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது பொறுப்பை ஒருத்தியின் முகத்தில் கட்டிவிடுகிறது. தொற்று வந்தால் "மாஸ்க் சரியா போட்டியா?" என்று அவளைக் கேட்கலாம். ஜன்னலை யார் ஆணியடித்து மூடினார்கள் என்று கேட்கவேண்டி வராது.

ஏன் மூடுகிறார்கள்? கொசு, மழைச்சாரல், சாலைத் தூசி. எல்லாம் உண்மை. அடையாற்று ஓரம் வாழும் நமக்கு டெங்குவைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. வலை அடிக்கலாம், அடித்தால் காற்றும் குறையும். மே மாத இரவில் காற்றே அசையாது, அப்போது வெளியேற்றும் மின்விசிறி வேண்டும். புறநகர் கிளினிக்குகளில் கண்ணாடிக் கதவும் ஸ்ப்ளிட் ஏசியும்தான் தரத்தின் அடையாளம். அந்த ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிரவைக்கிறது. பெண்கள் வார்டு என்றால் இன்னொரு காரணமும் சேரும்: வெளியிலிருந்து யாராவது பார்ப்பார்கள். எட்டிப் பார்ப்பவனைத் தடுப்பதைவிட உள்ளே இருப்பவளின் காற்றை நிறுத்துவது சுலபமாக இருக்கிறது.

நம் பழைய வீடுகளில் இதற்கு வழி இருந்தது. சுவரின் உச்சியில், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஒரு திறப்பு. சூடான காற்று மேலேறி அதன் வழியே போகும். அதைத்தான் 'வென்டிலேட்டர்' என்போம். 2020க்குப் பிறகு அந்தச் சொல் உயிர் ஊசலாடும்போது மாட்டும் இயந்திரத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது. சிலப்பதிகாரத்தில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு சொல் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பார்ப்பதற்கான துளை என்றல்ல, காற்று போகும் பாதை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் உண்டு. கட்டில், மெத்தை, குடிநீர் எல்லாம் அங்கே பேசப்படலாம். இரவு பத்து மணிக்கு ஒரு வார்டில் எத்தனை பேர் மூச்சுவிடுகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். 30 கட்டில் என்றால் விதிப்படி விநாடிக்கு 1,800 லிட்டர். கீழே படுத்திருக்கும் 30 பேரையும் எண்ணினால் 3,600.