புரதம் சொல்லும் நாள்கள்

1913ஆம் ஆண்டு, நியூயார்க் நகரில், பிரான்ஸ் டோரெக் என்னும் அறுவை மருத்துவர் 67 வயதுடைய பெண்ணொருவரின் மார்பைத் திறந்து, புற்றுநோய் பற்றியிருந்த உணவுக்குழலை அகற்றினார். எஞ்சிய மேல்முனையையும் இரைப்பையையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார். அக்குழாயின் வழியே உண்டு அப்பெண் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவருக்கு எத்தனை நாள் என்று கணித்துச் சொல்ல அன்று கருவி ஏதும் இல்லை.

இன்று அதற்கான முயற்சி உலகெங்கும் நடைபெறுகிறது. அகற்றிய திசுவை மெல்லிய சீவல்களாக்கி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் காண்கின்றனர். கேஐ-67 என்னும் புரதம் மிகுந்திருப்பின், உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றன என்பது பொருள். பி53 என்னும் காவற்புரதம் பழுதுபட்டுள்ளதா என்றும் ஆராய்கின்றனர். நோய் மீளுமா, நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை இவற்றால் முன்னறிய இயலுமா என்பதே கேள்வி.

முன்னறிவுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. அறுவை முடிந்து சில நாள்களாகியும் குருதியில் சி-ரியாக்டிவ் புரதம் தணியாதிருந்தால், உள்ளே இணைப்பு கசிகிறதோ என மருத்துவர் ஐயுறுவார். உடனே படமெடுத்துப் பார்ப்பார். இவ்வறிவு உயிர் காக்கும். ஆனால், செய்வதற்கு ஒன்றும் காட்டாமல், எல்லையை மட்டும் சுட்டும் அறிவை என் செய்வது? அதைச் சொல்வது அறமா, மறைப்பது அறமா?

அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் அரியதொரு புற்றுநோய் கண்டது. அதைப் பற்றிப் படிக்கத்தக்கது ஒன்றுமில்லை என்று மருத்துவர் நயமாக மழுப்பினார். அவரோ நூலகம் சென்றார். நோய் கண்டறியப்பட்டோரில் பாதிப்பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றனர் என்று அங்கே கண்டார். திகைத்தார், பின்னர், மறுபாதியினர் அதற்கு மேலும் வாழ்கின்றனர் அன்றோ என்று எண்ணலானார். 2002 வரை வாழ்ந்தார். எட்டு மாதம் என்பது ஒரு கூட்டத்தின் கணக்கு. அக்கூட்டத்தில் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அது சொல்லவில்லை. புரதத்தின் அளவும் அத்தகையதே. ஆயினும் எண்களைப் படிக்கும் பயிற்சி கூல்டுக்கு இருந்தது. அது இல்லாதவரிடம் வெறும் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று மருத்துவர் கை கழுவிவிட முடியாது.

நம் இல்லங்களிலோ ஆய்வறிக்கை முதலில் மகன் கைக்குத்தான் போகிறது. 'அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்' என்று தாழ்வாரத்தில் நின்று வேண்டிக்கொள்கிறான். அன்பினால்தான், ஐயமில்லை. ஆனால் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அந்தத் தந்தையை யாரும் கேட்பதில்லை. நிலத்தைப் பிரித்தெழுதவும், பல்லாண்டுகளாகப் பேசாதிருக்கும் தம்பியை அழைக்கவும், தெளிந்த மனத்தோடு நோயிற்பூசுதல் பெறவும் அவருக்கு நாள் வேண்டியிருக்கலாம்.