விடுபட்டவர்கள்

எழுதியதற்குப் படைப்பாளி பொறுப்பாளி என்பதில் நமக்குள் சர்ச்சை இல்லை. எழுதாமல் விட்டதற்கு? அதிலும், யாரோடும் சண்டை வேண்டாம் என்று விட்டதற்கு? சில வருஷங்களாக இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்துவருகிறது. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். காஃப்கா இல்லை, காம்யூ இல்லை. ஐசக் அஸிமாவ், அவருடைய 'ஃபவுண்டேஷன்' கதை வரிசை. ஸ்பேஸ் ஆபரா என்ற ஜாதியைச் சேர்ந்தது. (தேய்ந்துபோன ராக்கெட் கதைகளைத் திட்டுவதற்காக வில்ஸன் டக்கர் 1941-இல் உண்டாக்கிய வசைச் சொல் இது. அதே வருஷம்தான் அஸிமாவ் தன் வரிசையைத் தொடங்கினார்.)

தொடங்கிய விதம் பிரசித்தம். ஆகஸ்ட் 1, 1941. 'அஸ்டவுண்டிங்' பத்திரிகையின் ஆசிரியர் ஜான் காம்ப்பெல்லைப் பார்க்க அஸிமாவ் நியூயார்க்கின் பாதாள ரயிலில் போய்க்கொண்டிருந்தார். கையில் கதை இல்லை. மடியிலிருந்த கில்பர்ட்-ஸல்லிவன் புத்தகத்தைக் கண்டபடி திறந்தார். ஒரு தேவதை ராணி சிப்பாய் முன் மண்டியிடும் படம். சிப்பாயிலிருந்து மனம் சாம்ராஜ்யங்களுக்குப் போயிற்று; அங்கிருந்து ரோமுக்கும், இரண்டு முறை படித்திருந்த கிப்பனுக்கும்; பிறகு, வீழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பால்வீதி சாம்ராஜ்யத்துக்கு. விமர்சகர்கள் எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு இதில் பெரிய அக்கறை இல்லை. படம் இல்லாவிட்டால் வேறு ஏதாவது கிடைத்திருக்கும். அக்கறைக்குரிய தேர்வு ரயிலில் நடக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷமே நடந்துவிட்டது.

1940-இல் அஸிமாவ் 'ஹோமோ ஸோல்' என்ற கதையைக் காம்ப்பெல்லுக்குக் கொடுத்தார். அதில் மனிதரும் உண்டு, பிற உலகத்து ஜீவராசிகளும் உண்டு. காம்ப்பெல்லுக்கு ஒரு பிடிவாதம். மற்ற ஜீவராசிகள் அறிவில் எவ்வளவு முன்னேறியிருந்தாலும் கடைசியில் மனிதன்தான் உயர்ந்தவன் என்று கதை நிரூபிக்க வேண்டும். மனிதன் என்று அவர் சொல்லும்போது மனத்தில் இருந்தது வட ஐரோப்பியச் சாயல் உள்ள மனிதன். அஸிமாவோ ரஷ்யாவில் பிறந்து மூன்று வயதில் கொண்டுவரப்பட்ட யூதர். ப்ரூக்ளினில் அப்பாவின் மிட்டாய்க் கடையில் வளர்ந்தவர். உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்ற பேச்சை ஐரோப்பாவில் பீரங்கிகளோடு வேறொருவன் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. அவருக்கு அந்தக் கதையை எழுதப் பிடிக்கவில்லை. காம்ப்பெல்லோடு வாதாடவும் முடியவில்லை. சொல்லுக்கு ஒரு சென்ட் கொடுத்தவர். அதைவிட முக்கியமாக, பதினெட்டு வயதுப் பையனை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசி எழுத்தாளன் ஆக்கியவர். அந்தக் கடனை அஸிமாவ் கடைசிவரை மறுக்கவில்லை. ஆகவே மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். பால்வீதி முழுவதும் மனிதர் மட்டுமே. வேறு ஜீவராசி இல்லாவிட்டால் யார் உயர்ந்தவர் என்ற கேள்வியே எழாது. இதைப் பின்னாளில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு அவர்மீது மரியாதை கூடியது. பொய் சொல்லச் சொன்னார்கள், சொல்லவில்லை. நிர்ப்பந்தத்தில் இருப்பவனுக்கு மௌனம் ஒரு கௌரவமான எதிர்ப்பு என்று அப்போது நம்பினேன். இந்த நம்பிக்கைக்கு என் சொந்த வாழ்க்கையிலும் சௌகரியங்கள் இருந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது கதைகளைத் திரும்பப் படிக்கும்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

ஏனென்றால் அந்த மௌனம் கேட்ட இடத்தோடு நிற்கவில்லை. இரண்டரைக் கோடி கிரகங்கள், பன்னிரண்டாயிரம் வருஷச் சரித்திரம். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். மேயரும் வியாபாரியும் தளபதியும் அமெரிக்க ஆபீஸ் அறைகளில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள்தான். 1942-இல் வந்த முதல் கதைகளில் பெண் என்று சொல்ல ஆள் இல்லை. அந்நிய ஜீவராசியை வெளியே அனுப்பப் போனவர் வித்தியாசம் என்பதையே வெளியே அனுப்பிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. கதவைச் சாத்தும்போது யார் யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்த்துச் சாத்த முடிவதில்லை போலிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இதுதான் சங்கடம். அந்த வரிசையின் உயிரான கற்பனை, ஹாரி ஸெல்டனின் 'ஸைக்கோஹிஸ்டரி', இந்த மௌனம் இல்லாமல் சாத்தியமாகியிருக்காது. அஸிமாவ் ரசாயனம் படித்தவர். ஒரு வாயுவில் தனி மூலக்கூறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வாயு மொத்தம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லலாம். கோடானுகோடி மனிதர்களுக்கும் அப்படியே கணக்குப் போட்டு, முப்பதாயிரம் வருஷ இருட்டை ஆயிரம் வருஷமாகக் குறைக்கலாம் என்பது ஸெல்டனின் திட்டம். ஜனத்தொகை மிகப் பெரிதாக இருக்க வேண்டும். கணக்கின் முடிவு அந்த ஜனங்களுக்குத் தெரியக் கூடாது. இவை இரண்டும் கதையில் சொல்லப்பட்ட நிபந்தனைகள். சொல்லப்படாத மூன்றாவது, மூலக்கூறுகள் எல்லாம் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும் என்பது. ஆசிரியரின் அறையில் ஒரு பையன் செய்த சமரசம் அந்தக் கணிதத்தின் அடித்தளமாகிவிட்டது. அழகான வடிவம் ஒன்று அழகில்லாத காரணத்திலிருந்து பிறக்க முடியும் என்பதை நாம் அடிக்கடி ஒப்புக்கொள்வதில்லை.

ஒரே ஒரு தடவை அஸிமாவ் தன் விதியை மீறினார். 1945 மார்ச் இதழில் வந்த 'ப்ளைண்ட் ஆலி'. 'ஃபவுண்டேஷன்' புத்தகங்களில் அது சேரவில்லை. ஆனால் களம் அதே சாம்ராஜ்யம், முந்தைய காலம். அழிந்துகொண்டிருந்த ஒரு வேற்று இனத்தைச் சாம்ராஜ்யம் கண்டுபிடித்து, நல்ல கிரகத்தில் குடியேற்றி, கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கிறது. யாரும் அவர்களைத் துன்புறுத்துவதில்லை. ஆனால் அவர்கள் பிள்ளை பெறுவதை நிறுத்திவிடுகிறார்கள். பால்வீதி முழுவதும் மனிதன் நிறைந்துவிட்டான், தங்களுக்குப் போக இடம் இல்லை. தலைப்பு சொல்கிற முட்டுச் சந்து அதுதான். அவர்களைக் காப்பாற்றுவது வீரன் அல்ல, லூடன் ஆன்டியாக் என்ற ஓர் அதிகாரி. அவன் செய்வதெல்லாம் கடிதம் எழுதுவது. குறிப்பாணை, மேற்பார்வை எண், உரிய வழியில் சமர்ப்பிக்கப்படுகிறது என்ற தோரணை. ஒவ்வொன்றும் விதிக்கு உட்பட்டது. ஆனால் அந்தக் காகிதங்களின் மொத்த விளைவாகக் கப்பல்கள் அந்த ஜீவராசிகளின் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடுகின்றன. அவர்கள் ஏறி, பால்வீதியைவிட்டே மெகல்லன் மேகங்களுக்குப் போய்விடுகிறார்கள். யார் மேலும் குற்றம் நிரூபிக்க முடியாது.

அந்தக் காலத்தில் அஸிமாவ் ஃபிலடெல்ஃபியா கடற்படைத் தளத்தில் ரசாயன நிபுணராக வேலை பார்த்தார். அங்கே தினமும் பார்த்த கடித பாஷையைத்தான் கேலி செய்கிறார் என்பார்கள். பகல் முழுவதும் வவுச்சர்களோடு இருக்கும் எனக்கு அந்தக் கேலி நன்றாகவே புரிகிறது. ஆனால் கேலி மட்டும் இல்லை. மேலதிகாரியை எதிர்க்காமல், அவருடைய சொற்களாலேயே, அவருக்குத் தெரியாமல் ஒரு நியாயத்தைக் கடத்திக்கொண்டு போவது எப்படி என்று அந்தக் கதை யோசிக்கிறது. அதைக் காம்ப்பெல்லின் பத்திரிகையிலேயே அச்சிடவும் வைத்துவிட்டார். வேற்று இனம் தாழ்ந்தது என்று கதையில் எங்கும் இல்லை. ஆனால் அவர்களுக்கு விடுதலை என்றால் வெளியேறுவதுதான். இங்கேயே மனிதரோடு மனிதராக இருக்க அவருக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

அதே வருஷம் நவம்பர், டிசம்பர் இதழ்களில் 'ம்யூல்' வருகிறான். ஸெல்டனின் திட்டத்தை உடைத்துப் பார் என்று வற்புறுத்தியவர் காம்ப்பெல்தான். உடைக்க என்ன வழி? கணக்கில் இல்லாத ஒருவன் வேண்டும். பிறவியிலேயே மாறுபட்டவன், மலடன், எல்லோரும் பார்த்துச் சிரித்த உருவம், பிறர் உணர்ச்சிகளை விரும்பியபடி திருப்பும் சக்தி. பெயரே கோவேறு கழுதை. வெளியே அனுப்பிய வித்தியாசம் இப்படிப் பகையாகத் திரும்பி வருகிறது என்று சொல்லி முடித்துவிடலாம். முடிக்க விடாமல் தடுப்பவள் பேய்ட்டா. கோமாளி வேஷத்தில் கூடவே பயணம் செய்யும் அவனிடம், யார் என்று தெரியாமல், அவள் தானாகவே பிரியமாக இருக்கிறாள். வாழ்நாளில் முதல் முறையாகத் தானாகக் கிடைத்த பிரியம். அதைக் கெடுக்க மனம் வராமல் அவள் மனத்தை மட்டும் அவன் தொடாமல் விட்டுவிடுகிறான். தொடாமல் விட்டதால் அவள் யோசிக்க முடிகிறது; கண்டுபிடித்துவிடுகிறாள்; தோற்றுப்போகிறான். உலகை வென்றவன் இந்தக் காரணத்துக்காகத் தோற்பதை நான் பெரிய நாவல்களிலும் அதிகம் படித்ததில்லை. அஸிமாவின் வசனம் தட்டை, வர்ணனை ஏழ்மை, ஒப்புக்கொள்கிறேன். 1981-இல் தானே திரும்பப் படித்தபோது, எதுவுமே நடக்கவில்லையே, பேசிக்கொண்டே இருக்கிறார்களே என்று அவரே திகைத்திருக்கிறார். ஆனாலும் அந்தக் கடைசிக் காட்சியில் பால்வீதிக்குள் நிஜமாகவே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நண்பர் ஒருவர் கேட்டார், வார்த்தை எண்ணிக் காசு வாங்கியவனிடம் இத்தனை தார்மீகத்தைத் தேட வேண்டுமா என்று. முதல் கதையை முடிவில்லாமல் நிறுத்தினால் அடுத்ததைக் காம்ப்பெல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டவர்தானே அவர் என்றும் கேட்டார். உண்மைதான். எதிர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஸாமுவெல் டிலேனியின் 'நோவா' 1968-இல் வெளிவந்தது. கறுப்பர் ஒருவர் கதாநாயகராக இருப்பதை வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லிக் காம்ப்பெல் அதைத் தொடராக வெளியிட மறுத்ததாக டிலேனி 1998-இல் எழுதியிருக்கிறார். 2019-இல் காம்ப்பெல் பெயரில் இருந்த விருதுக்கே பெயர் மாற்றினார்கள். அஸிமாவ் 1941-இல் பயந்தது வீண் பயம் அல்ல. பயப்படாதவனுக்குத் தொடர் போயிற்று, நாவல் நின்றது. பயந்தவனுக்கு எல்லாம் கிடைத்தது. இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நேர் செய்யாமல் விட முடியவில்லை என்பதை அஸிமாவே காட்டினார் என்பதுதான் நண்பருக்கு என் பதில்.

காம்ப்பெல் 1971-இல் இறந்தார். முப்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு அஸிமாவ் வரிசைக்குத் திரும்பினார். 1986-இல் வந்த 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' நாவலில் ட்ரெவைஸ் பால்வீதி முழுக்க அலைவது ஒரு காரணத்தைத் தேடி: தான் ஏன் ஸெல்டனின் திட்டத்தை நம்பவில்லை என்ற காரணம். கடைசிப் பக்கங்களில் அது அகப்படுகிறது. எல்லாக் கணக்கும் யாரும் எழுதிவைக்காத ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. அறிவுள்ள இனம் மனித இனம் ஒன்றுதான் என்பது அது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் வாதத்தைத் தவிர்ப்பதற்காக விட்டதை அறுபத்தாறு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பகைவர்கள் இன்னும் நமக்குள் வந்துவிடவில்லை என்று ட்ரெவைஸ் ஆறுதல் கொள்ளும்போது, அவன் அருகில் ஃபாலம் நிற்கிறது. ஸொலேரியாவிலிருந்து கொண்டுவந்த குழந்தை. ஆணும் பெண்ணுமானது, நம் மூளைக்கு இல்லாத சக்தி உடையது. மனித வம்சம்தான், ஆனால் மனிதன் என்று சொல்ல நாக்குத் தயங்கும். அது அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் குனிந்து அந்தக் கண்களைப் பார்ப்பதில்லை.

நாவல் அங்கே முடிகிறது. அடுத்து என்ன என்று வாசகர்கள் கேட்டார்கள். அஸிமாவ் பின்னால் போய், ஸெல்டனின் இளமையைப் பற்றி 1988-இல் ஒரு நாவலும், அவருடைய முதுமையைப் பற்றி இன்னொன்றும் எழுதினார். இரண்டாவது 1993-இல் வெளிவந்தபோது அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்துக்கு அப்பால் அவர் கதையை ஒரு நாள்கூட நகர்த்தவில்லை.