திரையில் கண்ட குகை

ஒரு நாட்டைக் கண்ணால் கண்டவன் அதனை அறிந்தவன் ஆவானா? 1963 டிசம்பர் 28-ஆம் நாள் கோலாலம்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது முதல் இவ்வினாவும் உடன் வளர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தவாறே சரவாக் மழைக்காட்டைக் காணும் பேறு எளியோர்க்கும் கிட்டிற்று. அப்பேறு சிறிதன்று.

2006-இல் பிபிசி ஒளிபரப்பிய ‘பிளானட் எர்த்’ தொடரில், முலு மலையின் மான் குகையிலிருந்து வௌவால்கள் புகைச்சுருள்போல் மாலை வானில் எழுகின்றன. காண்போர் மெய்ம்மறக்கின்றனர். எச்சத்தின் நெடி மட்டும் திரையில் வருவதில்லை. (வந்திருப்பின் பலர் அலைவரிசையை மாற்றியிருப்பர்!)

அதனை வியந்த கிள்ளான் இளைஞன் ஒருவன், தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறுகிறான் எனக் கொள்வோம். படிவழியின் ஓரத்திலேயே இருட்டுக் குகை உள்ளது. அங்கும் வௌவால்கள் உண்டு. தன் அறிவியற்பெயரில் பத்துமலையின் பெயரையே தாங்கிய தொன்மைச் சிலந்தியும் உண்டு. 1923-லேயே அறிவியலார் அதனைப் பதிவு செய்தனர். ஆண்டுதோறும் அதன் வாயிலைக் கடக்கும் அவன் ஒருமுறையும் திரும்பிப் பார்த்ததில்லை.

குற்றம் திரையினதா? அன்று. விவரணப் படம் காண்பவனிடம் எதையும் கேட்பதில்லை. அட்டைக்கடி தாங்கவோ, முலுக் காட்டில் வாழும் பெனான் மக்களின் மொழியில் ஒரு சொல் கற்கவோ அவன் வேண்டுவதில்லை. விலை கொடாது பெற்ற காட்சி பொறுப்பையும் கொணர்வதில்லை. அந்த வசதிக்கு இணங்கியவன் அவனே.

மான் குகையைப் பற்றித் தம்பிக்கு அரைமணி நேரம் விளக்க அவனால் இயலும். படிகளில் நின்று, “அண்ணா, அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது?” எனத் தம்பி கேட்கும்போது, “அங்கு ஒன்றுமில்லை, நட” என்கிறான்.