இளையோர் துயரும் காணும் உபகாரமும்

துன்புற்று நிற்கும் இளைஞன் ஒருவனை நோக்கி, "இஃது உன் வினைப்பயன், பொறுத்துக்கொள்" என்று கூறி அமைதல் சைவ சித்தாந்தத்திற்கு ஒத்ததாகுமா? வினையும் அதன் பயனும் உண்மை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அவ்வுண்மையை யார்க்கு, எந்நிலையில், எதன்பொருட்டுக் கூறுகின்றோம் என்பது தனியே ஆராயற்பாலது.

பொதுப்படக் கூறின் இவ்வாராய்ச்சி வெறுஞ்சொல்லாய் முடியுமாகலின், ஓர் ஊரை முன்வைத்துக் காண்போம். திருமயிலைக் கபாலீச்சரத்திற்குக் கிழக்கே, கலங்கரை விளக்கத்தை அடுத்துத் தெற்கே, கடலோரத்தில் உள்ளது நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் ஊர். 2004 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரையும் தாக்கிற்று. 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், லூப் சாலையோரத்து மீன்கடைகள் மாநகராட்சியாரால் அகற்றப்பட்டபோது, இப்பகுதி மீனவர் சாலையில் அமர்ந்து தம் மறுப்பைத் தெரிவித்தனர். 2024 இல் அங்கு மீன் அங்காடி ஒன்று திறக்கப்பெற்றது.

இத்தகைய ஊரில் பதினைந்து ஆண்டு நிரம்பிய சிறுவன் ஒருவன் உளன் எனக் கொள்வோம். பேரலை வந்த நாளில் அவன் பிறந்திலன். ஆயினும் கடல் சீறும் இரவில் தாயின் முகம் வெளுத்தலைக் கண்டு அவன் நெஞ்சும் நடுங்குகின்றது. கடை போயிற்று என்று பெற்றோர் கலங்கியபோது அக்கலக்கம் அவன் பாடப்புத்தகத்தின்மேலும் நிழலாய் விழுந்தது. அதன்மேல் பொதுத்தேர்வு, தோழர் இகழ்ச்சி, உடலில் நேரும் பருவ மாற்றம், கைப்பேசி வழியே ஓயாது வரும் ஒப்பீடு ஆகியனவும் சேர்கின்றன. அவன் சினக்கின்றான், உணவை வெறுக்கின்றான், உறக்கம் கெடுகின்றான், எவரோடும் பேசாது ஒடுங்குகின்றான். மூத்தோர் அவனை "முரடன்" என்றும் "சோம்பன்" என்றும் அழைக்கின்றனர்.

இவ்வழைப்பு நம் நூற்கொள்கைக்கு முற்றும் மாறானது. என்னை? ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. செம்மலரை அடுத்த படிகம் செம்மையாய்த் தோன்றும். அச்செம்மை படிகத்தின் இயற்கையன்று. அச்சமும் சினமும் துயரும் முக்குணங்களின் வழிப்பட்டு அந்தக்கரணங்களில் நிகழ்வன. ஆன்மா அவற்றைச் சார்ந்து நின்று, "யானே அச்சம், யானே சினம்" என மயங்குகின்றது. அம்மயக்கத்தை நீக்கத் துணைபுரிய வேண்டிய மூத்தோரே, படிகத்தைச் செங்கல் என்று பெயரிட்டு அழைப்பின், அச்சிறுவன் மீளும் வழி யாது?

தசகாரியங்களுள் தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி என்பன முதற்கண் வைக்கப்பட்டமையை அறிஞர் அறிவர். தத்துவங்கள் இவை எனக் காண்டலும், அவை தானல்ல எனத் தெளிதலும், அவற்றின் நீங்கி நிற்றலும் அம்முறையாம். பள்ளிச் சிறுவனை அப்பெரும்படியில் ஏற்றுக என்று யாம் கூறவில்லை. ஆயினும் "நான் கெட்டவன்" என்பவனை, "என்னிடத்து இப்பொழுது அச்சம் வந்துளது; நேற்று இல்லை; நாளை குறையலாம்" என்று சொல்லப் பழக்குதல் அம்முறையின் சிறு வித்தாகும். உணர்ச்சிக்குப் பெயரிட்டு அதனைத் தன்னின் வேறாக வைத்துக் காணும் பயிற்சியை இக்கால உளமருத்துவரும் மேற்கொள்கின்றனர்.

அற்றேல், இதனை நன்கு விரித்து உபதேசித்தல் அமையாதோ எனின், அமையாது. இறைவன் உயிர்க்குச் செய்யும் உதவியைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாக வகுத்தனர் நம் ஆசிரியர். ஞாயிற்றின் ஒளி பொருளைக் காட்டினும், ஆன்மா உடன்நின்று காணாதவழிக் கண் காணமாட்டாது. அதுபோல, இறைவன் காட்டுதலோடு அமையாது உயிரோடு உடனாய் நின்று காண்டலானே உயிர் அறிகின்றது. இறைவனே இங்ஙனம் உடன்நிற்பானாயின், அவன் அடியார் எனப்படும் நாம் காட்டுதலளவில் நின்று, "சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம்" என்று எழுந்து போதல் எங்ஙனம் தகும்? சிறுவன் அருகிருந்து, இடைமறியாது, அவன் காணும் கடலை அவன் கண்ணால் காண்டலே நாம் செய்யத்தக்க காணும் உதவி.

திலகவதியார் செயல் இதற்குச் சான்றாம். புறச்சமயம் புக்கு, சூலைநோயால் வருந்தி, இரவில் மீண்டு வந்து அடிவீழ்ந்த தம்பியாரை அவ்வம்மையார் இடித்துரைத்திலர். "இது நின் பிழையின் பயன்" என்றிலர். திருநீறு அளித்து உடன் அழைத்துச்சென்று திருவதிகைத் திருக்கோயிலுள் புகுவித்தார். நாவரசரின் வாழ்வு அத்துணையின் வழியே மலர்ந்தது.

பிராரத்தம் நுகர்ந்தே தீர்தற்குரியதன்றோ, இடையில் நாம் புகுதல் எற்றுக்கு என்பர் சிலர். பசியும் பிராரத்த வழியே வருவதுதான். அதுபற்றி எம்மடத்திலேனும் அன்னம்பாலிப்பு நிறுத்தப்பட்டதுண்டோ? காய்ச்சலுற்றார்க்கு மருந்து மறுக்கப்பட்டதுண்டோ? வயிற்றின் பசிக்குச் சோறிடுவோர் நெஞ்சின் பசிக்கு மட்டும் வினையைக் காட்டுதல் முறையன்று. நுளைப்பாடி அதிபத்தர் வறுமையிலும் தம் கடப்பாட்டில் வழுவாது நின்றார் என்பர் எனின், அந்நிலை முதிர்ந்த அன்பின் கனி. அதனை இளங்காயினிடத்து வற்புறுத்திப் பெறலாகாது. வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு வந்த துணை. பிறர் துன்பத்தைக் கண்டும் வாளா இருத்தற்கு வந்த சாக்கன்று.

ஆகலின் மடங்களும் பாடசாலைகளும் திருமுறை வகுப்புக்களும் நடாத்துவோர் செய்யத்தக்கன சில உள. இளையோர் அச்சமின்றிப் பேசுதற்கு நாளும் சிறிது நேரம் ஒதுக்குக. உறக்கமும் உணவும் விளையாட்டும் குறையாவாறு பார்க்க. மூச்சை அமைதியுறச் செய்தலும் திருவைந்தெழுத்தை மெல்ல ஓதுதலும் கலக்கத்தைத் தணிப்பனவாம்; ஆயினும் மருத்துவம் வேண்டப்படுங்கால் அதற்கு மாற்றாக இவற்றை நிறுத்தற்க. துயர் வாரக்கணக்கில் நீளின் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. "இறந்துபோகத் தோன்றுகின்றதா?" என்று நேரே வினவ அஞ்சற்க, அவ்வினா அவ்வெண்ணத்தைப் புதிதாய் விதைப்பதில்லை, அடைபட்டதைத் திறக்கின்றது. உயிர்விட முயன்றாரைக் குற்றவாளியாகக் கருதாது, கடுந்துயருற்றாராகக் கருதிக் காக்க வேண்டும் என்பதே 2017 ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் நோக்கமுமாம். 2022 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மைய அரசின் டெலி மானஸ் உளநலத் துணை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. இவ்வெண் பாடசாலைச் சுவர்தோறும் எழுதப்பெறுதல் நன்று.

சார்பினால் வந்த கலக்கம் சார்பினாலேயே தெளியும். இளநெஞ்சம் சார்தற்கு நாம் எத்தகைய பொருளாய் நிற்கின்றோம் என்பதே, அந்நெஞ்சத்தின் வினையை எண்ணுதற்கு முன்னர் நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டுவதாம் என்க.