புதியதற்குச் சான்று பகர்வது யார்?

புதிதாக வடிவமைக்கப்பட்ட சொகுசுக் கார் ஒன்று விற்பனைக்கு வருகிறது. அதன் அழகை ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். அதன் வேகத்தை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் அறிந்துகொள்ளலாம். ஆனால் அது பத்தாண்டுகள் பழுதின்றி உழைக்குமா என்பதை எப்போது அறிவோம்? பத்தாண்டுகள் கழிந்த பின்னர்தான். அப்போது அந்தக் கார் பழையதாகியிருக்கும். அவ்வடிவமே மறைந்து, வேறொரு புதியது அதன் இடத்தில் நிற்கும். அறிவு வந்து சேரும்போது அதனால் பயன்பெற வேண்டியவர் பணத்தைக் கொடுத்து முடித்திருப்பார். அவ்வாறெனில், இன்றே முடிவெடுக்க வேண்டிய ஒருவர் எதைக்கொண்டு முடிவெடுப்பார்? அவருக்கு அறிவுரை கூறுவோர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது?

இது செல்வந்தர்களின் கவலை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட இயலாது. கொரட்டூரைச் சுற்றிலும் பாருங்கள். ஒருபுறம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. மறுபுறம் பாடியில், 1960-களின் தொடக்கத்தில் உருவான வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். ஆகிய நிறுவனங்கள். சக்கரமும் தடையும் மின்கருவியும் செய்தே தலைமுறைகள் வாழ்ந்த பகுதி இது. ஒரு வண்டியை நம்பலாமா என்னும் கேள்வி, அதைச் செய்தவர்களின் கைகளை நம்பலாமா என்னும் கேள்வியே என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1976-இல் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் ரோவர் எஸ்.டி.1 என்னும் புத்தம்புதிய காரை வெளியிட்டது. 1977-ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருது அதற்குக் கிடைத்தது. நடுவர்கள் அறிவிலிகள் அல்லர். அவர்கள் கண்டது நல்ல வடிவமைப்பையே. ஆனால் வாங்கியவர்கள் பின்னர்க் கண்டவை உரியும் வண்ணப்பூச்சு, உள்ளே கசியும் மழைநீர், அடிக்கடி இடறும் மின்னிணைப்புகள். குறை வரைபடத்தில் இருந்ததைவிட அதைச் செய்து முடித்த முறையிலேயே மிகுதியாக இருந்தது. விருது புதுமைக்குச் சான்று பகர்ந்தது. உழைப்பிற்குச் சான்று பகர அதனால் இயலவில்லை.

அதே கார் 1985-இல் நம்மிடம் வந்தது. வண்டலூர் அருகே ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், ஹெரால்டு, கெசல் போன்ற சிறு கார்களால் தமிழ் மக்கள் நன்கறிந்த நிறுவனம். அது ரோவரின் உடலை எடுத்து, நம் சாலைகளுக்கேற்ப உயர்த்தி, தன்னிடம் நெடுங்காலமாக இருந்த 2 லிட்டர் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் பெயரில் சொகுசுக் காராக விற்றது. எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றும் தேர்ந்த பொருள்தான். உடல் விருது பெற்றது, எஞ்சின் பழகியது, நிறுவனம் நமக்கு அறிமுகமானது. ஆயினும் மூன்றும் சேர்ந்து உருவானதோ எவரும் சோதித்தறியாத புதுப்பொருள். கனத்த உடலை இழுக்கப் பழைய எஞ்சின் திணறியது. பெட்ரோலை மிகுதியாகக் குடித்தது. அதிக விலை கொடுத்து வாங்க முன்வந்தோர் சிலரே. 1988-இல் உற்பத்தி நின்றது. வாங்கியவர்கள் உதிரிப்பாகங்களைத் தேடி அலையும் நிலை வந்தது.

இங்கே நாம் காண வேண்டிய உண்மைகள் இரண்டு. நல்ல பாகங்கள் சேர்வதனாலேயே நல்ல முழுமை அமைந்துவிடாது என்பது ஒன்று. ஒரு காரின் ஆயுள், அதைச் செய்தவர்கள் எவ்வளவு காலம் அதற்குத் துணைநிற்பார்கள் என்பதையும் பொறுத்தது என்பது மற்றொன்று. ஐம்பதாண்டுகளுக்கு மேல், 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் கார் பழுதற்றது என்று எவரும் சொல்லார். ஆனால் பழுதானால் எந்தச் சிற்றூரிலும் சரிசெய்ய ஒரு மெக்கானிக் இருந்தார். மக்கள் அதை நம்பியதற்கு அதுவே காரணம்.

பொறியியலார் பழுதுகளின் வரலாற்றை ஒரு வளைகோடாக வரைவர். குளியல் தொட்டியைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுபோல் அது இருக்கும். தொடக்கத்தில், செய்நேர்த்திக் குறைகளால் பழுதுகள் மிகுதி. நடுவில் நெடுங்காலம் குறைவு. முடிவில், தேய்மானத்தால் மீண்டும் மிகுதி. முதல் மூன்று மாதங்களில் ஒருவர் அடையும் நிறைவோ எரிச்சலோ அத்தொட்டியின் முதல் விளிம்பைப் பற்றியது மட்டுமே. மறு விளிம்பு எங்கே தொடங்கும் என்பதை அது காட்டாது. நெடுநாள் உழைப்பிற்குப் பெயர்பெற்ற மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனத்திற்கே இது நேர்ந்தது. 1990-களின் முற்பகுதியில் அது செய்த கார்கள் பலவற்றில், எஞ்சின் அருகிலுள்ள மின்கம்பிகளின் மேலுறை சில ஆண்டு வெப்பத்தில் நொறுங்கி உதிர்ந்தது. புதிதாக இருந்தபோது அக்கம்பியில் குறை காண எந்தக் கண்ணாலும் இயன்றிருக்காது.

அப்படியானால் புதியதைப் பற்றி எதுவுமே சொல்ல இயலாதா? இயலும், ஆனால் அளவோடு. எவை உண்மையிலேயே புதியவை, எவை முன்னைய காரிலிருந்து தொடர்பவை என்று முதலில் பிரித்துக் கேட்க வேண்டும். புதிய கியர்பெட்டியும் புதிய எஞ்சினும் புதிய மின்னணுக் கருவிகளும் ஒருசேர வந்திருப்பின், ஐயமும் அந்த அளவுக்கு மிக வேண்டும். அடுத்து, அது எங்கே சோதிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். ஐரோப்பியக் குளிரில் பெற்ற நற்சான்று, 2015 டிசம்பர் பெருவெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்ட கொரட்டூர்த் தெருக்களுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலுமா? இறுதியாக, குறை வெளிப்பட்டபோது அந்நிறுவனம் முன்பு என்ன செய்தது என்று கேட்க வேண்டும். 1989-இல் டொயோட்டா நிறுவனம் லெக்சஸ் என்னும் புதுப்பெயரில் அமெரிக்காவில் சொகுசுக் கார் விற்கத் தொடங்கியது. சில மாதங்களில் ஓரிரு முறையீடுகள் எழுந்தவுடன், அதுவரை விற்ற ஏறத்தாழ 8,000 கார்களையும் அழைத்துச் சில வாரங்களில் சரிசெய்து கொடுத்தது. குறை இல்லாததனால் அன்று; குறையை மறைக்காததனால் அப்பெயர் நிலைத்தது.

இனி, அறிவுரை கூறுவோரின் கடமைக்கு வருவோம். நண்பர் ஒருவர், “இதை நம்பி வாங்கலாமா?” என்று நம்மைக் கேட்கிறார். “கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்” என்போர் உண்டு. “புதிது, ஒன்றுக்கும் உதவாது” என்போரும் உண்டு. முன்னவர் தம் ஆசையைச் சான்றாக்குகிறார். பின்னவர் தம் அச்சத்தைச் சான்றாக்குகிறார். இருவருமே தாம் காணாததைக் கண்டதுபோல் சொல்கின்றனர். சான்று பகர்வதில் பொய் என்பது, இல்லாததை உண்டு என்று சொல்வது மட்டுமன்று. அறியாததை அறிந்ததாகக் காட்டுவதும் பொய்யே. பிறருடைய உழைப்பின் பணம் நம் சொல்லால் கைமாறும்போது அப்பொய் சிறியதும் அன்று. “இதுவரை தெரிந்தது இவ்வளவு; மற்றதைக் காலம் சொல்ல வேண்டும்” என்னும் விடை கேட்பவருக்கு நிறைவளிக்காமல் போகலாம். ஆனால் அதுவே அவருக்கு நாம் தர வேண்டிய மதிப்பு. பொறுக்க இயன்றவர் ஈராண்டு பொறுக்கட்டும். பொறுக்க இயலாதவர், தாம் ஏற்பது இன்னதென அறிந்து ஏற்கட்டும்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து நம்புவதைப் பற்றி அவர் அங்கே பேசுவது பொருள்களைக் குறித்தன்று, மனிதர்களைக் குறித்தே. அது பொருத்தமே. இயந்திரம் வாக்குக் கொடுப்பதில்லை; உலோகமும் கம்பியும் தம் இயல்புப்படி தேயும். வாக்குக் கொடுப்பவர்கள் அதை வரைந்தவர்கள், வார்த்தவர்கள், விற்றவர்கள். இதோ பாடியிலும் அம்பத்தூரிலும் இரவுப்பணியில் நின்று, எவரும் பார்க்காத ஒரு திருகை முறையாக முடுக்கும் தொழிலாளியும் அவர்களுள் ஒருவரே. யாரோ ஒருவர் பத்தாண்டுகள் கழித்து மழையிரவில் தம் குடும்பத்துடன் பத்திரமாக வீடு சேர்வாரா என்பதில் அவருக்கும் பங்குண்டு. புதிய காரின் எதிர்காலத்தை நம்மால் காண இயலாது. அதைச் செய்தவர்களின் கடந்த காலத்தையோ, கேட்டால், நாம் காண இயலும்.