வாயிலில் நிற்பவரும் வரவிருப்பவரும்

நூலகம் என்பது யாது என்று வினவினால், நூல்கள் நிறைந்த இடம் என்று பள்ளிச் சிறுவனும் விடை கூறுவான். அண்மைக்காலம் வரை அவ்விடை போதுமானதாகவே இருந்தது. இன்று ஒரு பல்கலைக்கழக நூலகத்துள் நுழைந்து பார்ப்போம். அடுக்குகள் முன்போலவே நிற்கின்றன; அவற்றில் நூல்களும் உள்ளன. ஆயினும் அறிவியலோ மருத்துவமோ பொருளியலோ ஆராயும் மாணவர் அவ்வடுக்குகளை நாடிச் செல்வது குறைந்துவிட்டது. அவர் கணிப்பொறியின் முன் அமர்கிறார், கடவுச்சொல்லைப் பதிக்கிறார், இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் நியூயார்க்கிலும் வெளியாகும் ஆய்விதழ்களைத் திரையில் வரவழைத்துப் படிக்கிறார். அவ்விதழ்கள் அந்நூலகத்தில் இல்லை. எங்கோ பதிப்பகத்தாரின் கணிப்பொறியில் இருக்கின்றன. நூலகம் அவற்றை விலைக்கு வாங்கவில்லை. பார்ப்பதற்கான இசைவை மட்டுமே சந்தா செலுத்திப் பெற்றிருக்கிறது.

விலைக்கு வாங்கிய பொருளும் வாடகைக்கு எடுத்த பொருளும் பயன்படும்போது ஒன்றுபோலவே தோன்றும். பிறருக்குக் கொடுக்க வேண்டிய வேளையிலும், பின்வருவோருக்கு விட்டுச்செல்ல வேண்டிய வேளையிலுமே அவற்றின் வேறுபாடு புலப்படும். இவ்வேறுபாடு நூலகத்தின் அறத்தை எவ்வாறு தொடுகிறது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

இம்மாற்றத்தின் நன்மைகளை முதற்கண் மனமாரப் போற்றுதல் வேண்டும். அச்சிட்ட இதழ்களை மட்டுமே நம்பியிருந்த காலத்தில், சிறிய பல்கலைக்கழகங்கள் விலைமிக்க வெளிநாட்டு இதழ்களை விரும்பவும் அஞ்சின. வாங்கிய சிலவும் கப்பல் அஞ்சலில் காலம் தாழ்ந்தே வந்து சேர்ந்தன. இந்நிலையை மாற்றும் நோக்குடன் பல்கலைக்கழக மானியக் குழு 1991-ஆம் ஆண்டில் இன்ஃபிளிப்நெட் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று காந்திநகரில் இயங்கும் அம்மையம், நாட்டின் பல்கலைக்கழக நூலகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பணியைச் செய்து வருகிறது. 2015-ஆம் ஆண்டில் ஈ-ஷோத்சிந்து என்னும் பெயரில் மின்னிதழ்களைக் கூட்டாகப் பெறும் ஏற்பாடும் உருவாயிற்று.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். அவற்றில் பயில்வோரும் பணிபுரிவோருமாக ஏறக்குறைய 1.8 கோடிப் பேர். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். கணக்கிட்டுப் பார்த்தால் ஆளொருவருக்கு ஆண்டொன்றுக்கு 1,100 ரூபாய் அளவே ஆகிறது. இதனை வீண்செலவு என்று நாம் கூறமாட்டோம். மலைப்புறத்து அரசுக் கல்லூரி மாணவியும் தலைநகரத்து ஆய்வாளரும் ஒரே கட்டுரையை ஒரே நாளில் படிக்க இயலும் என்பது சிறிய செய்தி அன்று.

ஆயினும் ஒரு கொடையின் பெருமையைப் பெற்றவர் தொகையால் மட்டும் அளத்தல் போதாது. பெறாதவர் யார் என்றும் கேட்டல் வேண்டும். இவ்வாறு கேட்க நமக்குக் கற்றுத் தந்தவர் நம்மவர் ஒருவரே. 1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ஆம் ஆண்டில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். 1947-ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கு வந்து அத்துறையைக் கற்பித்தார். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமும் அவருடைய முயற்சியால் விளைந்ததே. அவர்தம் விதிகளுள் ஒன்று, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கச் செய்தலை நூலகத்தின் கடமையாக்குகிறது. அவர் ‘மாணவர்’ என்று எழுதவில்லை. ‘உறுப்பினர்’ என்றும் எழுதவில்லை. ‘வாசகர்’ என்றே எழுதினார். அச்சொல்லின் அகலத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, வாயிலில் நிற்பவர் யார் என்று காண்போம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் ஊர்க் கல்வெட்டுகளைப் பற்றி எழுத விழைகிறார். சிற்றூரில் தனியே மருத்துவம் பார்க்கும் மருத்துவர் ஒருவர் தமக்கு விளங்காத நோயொன்றைப் பற்றித் தெளிய விரும்புகிறார். அரிய நோயுற்ற குழந்தையின் தாய், மருத்துவர் கூறிய பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதன் பொருளைத் தேடுகிறார். தனியார் கல்லூரியில் கடன்பெற்றுப் பயிலும் மாணவர் இருக்கிறார். ‘ஒரே நாடு ஒரே சந்தா’த் திட்டத்தின் முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கே உரியதாகையால் அவர் அதன் எல்லைக்குள் வரவில்லை. இவர்கள் அனைவரும் வாசகரே. இவர்களுள் பலர் வரி செலுத்துவோரும் ஆவர். அவ்வரியினின்றே சந்தா செலுத்தப்படுகிறது. அவ்விதழ்களில் வெளியாகும் ஆய்வுகள் பலவும் பொதுப்பணத்தில் நிகழ்ந்தவையே.

பழைய நூலகத்திலும் வாயிற்காவலர் இருந்தார், அனுமதிச்சீட்டும் இருந்தது. அதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு மனிதர் இருந்தார். வந்தவரின் முகத்தைப் பார்த்து, “அந்த மேசையில் அமர்ந்து படித்துவிட்டுப் போங்கள்” என்று சொல்லும் உரிமை நூலகருக்கு இருந்தது. நூல் நூலகத்தின் உடைமையாக இருந்தமையால் அவ்விரக்கம் இயன்றது. கடவுச்சொல் கேட்கும் திரைக்கு இரக்கமும் இல்லை, கொடுமையும் இல்லை. அதற்கு உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்னும் இரு பிரிவே தெரியும்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. இதழை நடத்துவோர் பொருள் செலவிடுகின்றனர்; கட்டுரைகளைச் செப்பம் செய்கின்றனர்; கணிப்பொறிகளைப் பேணுகின்றனர்; அவர்தம் உழைப்பிற்குக் கூலி வேண்டாவா என்பர். வேண்டும். பிறர் உழைப்பைத் திருடுதல் அறமாகாது. ஆனால் கட்டுரை எழுதிய ஆய்வாளருக்கு இதழ் பெரும்பாலும் பணம் தருவதில்லை. அதனை மதிப்பிடும் அறிஞரும் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். பலர் கூடி ஊதியமின்றி விளைவித்த பயிருக்கு வேலியிட்டவர் தம் வேலிச் செலவைக் கேட்பது முறையே. விளைச்சல் முழுவதும் தமதே என்பது முறையன்று.

இவ்வழக்கு தில்லியில் ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒளிநகல் கடை ஒன்று, பேராசிரியர் குறித்துக் கொடுத்த பகுதிகளைப் பல நூல்களினின்றும் படியெடுத்துத் தொகுத்து மாணவர்க்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் 2012-ஆம் ஆண்டில் அக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழக்கைத் தள்ளினார். பதிப்புரிமை இயற்கை தந்த உரிமையோ தெய்வம் தந்த உரிமையோ அன்று. மக்களின் அறிவு வளரவே அது வகுக்கப்பட்டது என்பது அத்தீர்ப்பின் கருத்து. மேல்முறையீட்டில் சில கூறுகள் மீண்டும் விசாரணைக்கு அனுப்பப்பட்டன. எனினும் கற்பித்தலின் பொருட்டுப் படியெடுக்கும் உரிமை நிலைநிறுத்தப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அவ்வழக்கில் ஒன்றை நாம் கருதுதல் வேண்டும். படியெடுப்பதற்கு நூலகத்தின் அடுக்கில் நூல் இருந்தது. மின்னிதழிலோ, நூலகம் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை முதலில் வரையறுப்பது சந்தா ஒப்பந்தத்தின் வாசகமே.

இரண்டாவது வாசகர் இன்னும் பிறக்காதவர். அவர் வாயிலிலும் நிற்கவில்லை. தம் குறையைக் கூறவும் அவருக்கு வாயில்லை. ஆயினும் நூலகம் அவருக்கும் கடன்பட்டது. இதனைத் தமிழர் நன்கு அறிவர். உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அதன்முன்னும் பின்னும் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினார். மடங்களிலும் புலவர் வீட்டுப் பரண்களிலும் அவை கிடைத்தன. அவற்றை வைத்திருந்தோருள் பலர் அவற்றைப் படித்தறியாதவர். தம் முன்னோர் வைத்த பொருள் என்னும் ஒரே காரணத்தால் காத்திருந்தனர். அவ்வேடுகள் ஆண்டு வாடகைக்குப் பெறப்பட்டவையாக இருந்து, வாடகை நின்ற ஆண்டில் உரியவரிடம் திரும்பியிருந்தால், ஐயர் எந்தப் பரணில் ஏறித் தேடியிருப்பார்?

மூன்றாண்டுச் சந்தா முடிந்த பின் புதுப்பிக்க நிதி இல்லாத காலம் வந்தால், முன்பு பணம் செலுத்திப் பெற்ற ஆண்டுகளின் இதழ்களேனும் நூலகத்திற்கு எஞ்சுமா? ஒப்பந்தத்தில் நிலையுரிமை கேட்டுப் பெற்றிருந்தால் எஞ்சும், கேளாதிருந்தால் எஞ்சாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழக நூலகத்தார் 1999-ஆம் ஆண்டில் லாக்ஸ் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினர். சந்தா செலுத்திய மின்னிதழ்களைப் பதிப்பகத்தாரின் இசைவோடு பல நூலகங்கள் தத்தம் கணிப்பொறிகளில் படியெடுத்து வைத்துக்கொள்ளும் முறை அது. ஓரிடத்துப் படி பழுதுற்றால் மற்றோரிடத்துப் படியைக் கொண்டு அது செப்பமாகும். ஏடு செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் படியெடுத்துப் பல ஊர்களில் வைத்த நம் முன்னோரின் வழியும் இதுவே.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில், உலகத்தார்க்கு உதவ விரும்பும் பேரறிவாளனின் செல்வத்திற்கு ஊருணியை உவமையாக்கினார். வீட்டுக் கிணற்றைக் கூறவில்லை. ஊருணிக்கு இரண்டு இயல்புகள் வேண்டும். வந்தவர் முகந்து பருக இயலவேண்டும். கோடைவரை நீர் நிற்கவேண்டும். நீர் நிறைந்திருத்தல் மட்டும் ஊருணியின் இலக்கணம் ஆகாது.

ஊருணியும் எல்லார்க்கும் திறந்திருந்ததில்லை என்பது நம் நாட்டின் வெட்கம். மகாட் நகரத்துச் சவுதார் குளம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியது என்று நகராட்சி 1924-ஆம் ஆண்டிலேயே தீர்மானம் செய்திருந்தது. எனினும் 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களுடன் சென்று அந்நீரைப் பருக வேண்டியிருந்தது. அதற்காக அவர்கள் அடியும் பட்டனர். சாதிக் கொடுமையையும் கடவுச்சொல்லின் தடையையும் நாம் ஒன்றென வைக்கவில்லை. வைத்தல் பெரும் பிழை. தாளில் எழுதிய உரிமை தானே நடைமுறையாகிவிடாது என்னும் ஒரு பாடத்தையே அங்கிருந்து பெறுகிறோம்.

அப்பாடம் இங்கும் பொருந்தும். பல பதிப்பகங்களின் ஒப்பந்தங்கள், நூலகத்திற்கு நேரில் வரும் வெளியாரை அங்குள்ள கணிப்பொறியில் அமர்ந்து படிக்க அனுமதிக்கின்றன. அவ்விசைவைப் பெற்றும், அதற்கென ஒரு கணிப்பொறியை ஒதுக்காத நூலகம், கொடுக்க இயன்றதையும் கொடாமல் வைத்திருக்கிறது. பதிப்பகத்தாரைக் குறைகூறுமுன் நம் கதவைத் திறத்தல் முறை. அவ்வாறே, நாமே விளைவித்த அறிவை நாமே திறந்து வைக்கலாம். 2009-ஆம் ஆண்டின் மானியக் குழு விதியை ஒட்டி வளர்ந்த ஷோத்கங்கா தொகுப்பில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலட்சக்கணக்கில் உள்ளன. அவற்றைப் படிக்கக் கடவுச்சொல் வேண்டியதில்லை. சிற்றூர் ஆசிரியரும் பேராசிரியரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

திறந்த இதழ்களே முழுத் தீர்வு என்றும் கூறுவதற்கில்லை. சில இதழ்கள் வாசகரிடம் வாங்கிய பணத்தை இப்போது எழுதுபவரிடம் கேட்கின்றன. முன்னணி இதழ்கள் சிலவற்றில் ஒரு கட்டுரைக்கே அது பல இலட்சம் ரூபாய். படிக்க இயலாத ஏழை போய், எழுத இயலாத ஏழை வந்தால், சுங்கச்சாவடி இடம் மாறிற்று என்பதன்றி வேறென்ன பயன்?

ஆகவே, நூலகம் தன் மின்வளத்தைப் பெருக்குக என்றே நாமும் கூறுவோம். ஆண்டறிக்கையில் இதழ்களின் எண்ணிக்கையை எழுதும்போது, அதன் கீழே இன்னும் இரண்டு வரிகள் எழுதுக. உறுப்பினர் அல்லாதார் எத்தனை பேர் இவ்வாண்டு வந்து படித்தனர்? சந்தா நாளையே நின்றாலும் நம்மிடம் எஞ்சுவது எவ்வளவு? இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையாக விடை எழுதும் நூலகம், விடை சிறிதாயினும், தன் கடனை அறிந்தது. அடுத்த ஆண்டு அவ்விடையைச் சற்றே பெரிதாக்க அது முயலும். அம்முயற்சி, தாளில் எழுதிய நோயின் பெயரோடு வாயிலில் நிற்கும் அத்தாய்க்கு ஒரு நாற்காலி இடுவதில் தொடங்கட்டும்.