மழைக் கணிப்பும் வணிகர் கடமையும்



“வரும் மாதங்களில் மழை குறையுமென்று வானிலை நிலையத்தார் சொல்கிறார்களே, மறைவான ஞானம் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியதல்லவா?” என்று தொழுகைக்குப் பின் நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்.

மழையை இறக்குபவன் அவனே, அதில் ஐயமில்லை. ஆனால் வானிலையாளர் சோதிடர் அல்லர். இரண்டு வாரங்களுக்கு அப்பால், இன்ன நாளில் இன்ன ஊரில் மழை என்று அவர்களாலும் உறுதி கூற முடியாது. காற்று விரைந்து மாறும். கடலின் வெப்பமோ மெள்ள மாறும். அடுப்பிலேற்றிய பானையில் முதற் குமிழி எங்கே எழுமென்று சொல்ல இயலாது. எரியும் நெருப்பைப் பார்த்து, நீர் கொதிக்குமென்று சொல்லலாம். அவ்வாறே பசிபிக் கடலின் வெப்பத்தை அளந்து, காற்றும் கடலும் இயங்கும் விதத்தைக் கணினியில் கணக்கிடுகிறார்கள். தொடக்க அளவுகளைச் சிறிது மாற்றிப் பலமுறை கணக்கிட்டு, பெரும்பாலானவை எப்பக்கம் சாய்கின்றனவென்று பார்த்து, ‘மழை குறைய வாய்ப்பு அதிகம்’ என்கிறார்கள். 1993ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அமைந்த ஆசியான் வானிலை மையமும் நம் வட்டாரத்திற்கு இவ்விதமே கூறுகிறது. இது மறைவானதை அறிந்ததாகப் பெருமை பேசுவதன்று. படைத்தவன் வைத்த ஒழுங்கைப் படிப்பதே.

அப்படியானால், முன்னறிந்தவன் செய்ய வேண்டியது என்ன? இதுவே கடினமான கேள்வி.

பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறுவதை எல் நினோ என்பர். அவ்வாண்டுகளில் நம் வட்டாரத்திலும் இந்தியாவிலும் பெரும்பாலும் மழை குறையும். 2023 ஜூனில் அது தொடங்கியதென்று அறிவித்தார்கள். ஜூலை 20ஆம் நாள் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது.

நம் கடையில் அரிசியும் விற்கிறோம். அப்போது ஒருவர், “மூட்டைகளைப் பூட்டி வையுங்கள் பாய், விலை ஏறட்டும்” என்றார். மனம் ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

அன்றிரவு யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. வளமான ஏழாண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் செய்து, பஞ்சத்தில் மக்களுக்கு வழங்கினார்கள். அவர்களும் முன்னறிந்தார்கள், சேர்த்தும் வைத்தார்கள். சேமிப்பும் பதுக்கலும் பார்வைக்கு ஒன்றே. இரண்டையும் பிரிப்பது நிய்யத்து. பதுக்கலை நம் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள்.

மறுநாள் முதல், இருந்த அரிசியை ஆளுக்கொரு மூட்டையாக, முந்தைய விலைக்கே விற்றோம். 2024 செப்டம்பரில் தடையும் நீங்கிற்று.

கணிப்பைக் காதில் வாங்காதிருப்பது தவக்குல் ஆகாது. அதைக் கொண்டு பிறர் பசியில் இலாபம் தேடுவது ஈமானுக்கு அழகாகாது. அறிந்ததை மக்களின் நன்மைக்குப் பயன்படுத்த வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.